பதினேழாம் நம்பர் சால்வை

அந்தச் சால்வை என் தோளில் கிடந்தது இரண்டு நிமிடம்தான். அதற்குள் பிலிப்பைன்சில் ஒரு மனிசி அதை வாங்கி முடித்துவிட்டாள். துபாயில் ஒரு பெண் அதைக் கண்டு அழுதுவிட்டாள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

சுவிசில், டாவோஸ் என்கிற மலையூரில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவுகிறேன். பெயர் பரமநாதன், வயது அறுபத்திரண்டு. என் மனிசி தில்லைநாயகிக்குக் கீழே கூர் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. கிழமையில் ஐந்து ஆறு நாள் நான் மலையில், மிச்சம் வீட்டில். பென்சனுக்கு இன்னும் மூன்று வருடம் கிடக்கிறது. இந்த வயதில் இந்த வேலை போனால் இன்னொருவன் என்னை எடுக்கமாட்டான். அது எனக்கும் தெரியும், ஹோட்டலுக்கும் தெரியும்.

மரிவிக் அதே ஹோட்டலில் அறைகள் துப்புரவாக்குகிறவள். பிலிப்பைன்ஸ்காரி. ஒரு சுவிஸ்காரனைக் கட்டி வந்தாள். அவன் விட்டுவிட்டுப் போன பிறகும் அவள் போகவில்லை. என்னைக் கூயா என்று கூப்பிடுவாள். அவர்களுடைய பாசையில் அண்ணை. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருப்பது உடைந்த யேர்மன். அதை அப்படியே எழுதினால் ஒருவருக்கும் விளங்காது. ஆகவே அவள் சொன்னதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

ஹோட்டல் வேலையில் மத்தியானம் இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் ஓய்வு. மற்றவர்கள் அறைக்குப் போய்ப் படுப்பார்கள். மரிவிக் புதன்கிழமைகளில் நிலக்கீழ் மாடியில், துணி தோய்க்கிற இடத்துக்குப் பக்கத்தில் வியாபாரம் நடத்துவாள். இஸ்திரிப் பலகையில் போனை நிறுத்தி, பேஸ்புக்கில் லைவ் போடுவாள். இங்கே மத்தியானம் என்றால் அவளுடைய ஊரில் இரவு ஒன்பது மணி, சனம் சாப்பிட்டுவிட்டுப் போனோடு இருக்கிற நேரம். கூரில் உள்ள பழைய சாமான் கடையில் அவள் வாங்கி வந்த ஜாக்கெட், கைப்பை, மாட்டு மணி, சீஸ் உருக்குகிற பொன்டியூச் சட்டி எல்லாவற்றுக்கும் குசினியில் திகதி ஒட்டுகிற வெள்ளை ரேப்பில் நம்பர் எழுதி ஒட்டுவாள். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவாள். பார்க்கிறவர்களில் யார் முதலில் 'மைன்', அதாவது என்னுடையது, என்று எழுதுகிறார்களோ அந்தச் சாமான் அவருக்கு. பிறகு எல்லாம் இடுப்பளவு உயரமான ஒரு பெட்டிக்குள் போகும். பெட்டி கப்பலில் போகும்.

என் வேலை சாமான் எடுத்துக் கொடுப்பது. ஜாக்கெட் என்றால் போட்டும் காட்டவேண்டும். பிலிப்பைன்ஸ் ஆண்களுக்கு என்னுடைய உடம்பு அளவு சரியாம். "கூயா, திரும்புங்கோ. கூயா, கையைத் தூக்குங்கோ" என்பாள். போனில் சிவப்பு இதயங்கள் மிதந்து மேலே போகும்.

சும்மா விற்றுவிட்டுப் போகிறவள் இல்லை மரிவிக். லைவ்வில் எல்லாம் சொல்லுவாள். காலையில் என்ன சாப்பிட்டது, எந்த முழங்கால் நோகிறது, எந்த அறைக்காரர் ஆறு தலையணை கேட்டார், எல்லாம். பார்ப்பது தன்னுடைய சனம் மட்டும் என்று ஒரு நம்பிக்கை. சால்வை விற்றதற்கு முந்திய புதன்கிழமையும் அப்படித்தான் சொன்னாள். "முந்நூற்று நாலாம் அறையில் துபாயில் இருந்து வந்த ஒரு குடும்பம். பிள்ளை பார்க்கிற பெண் எங்கட ஆள், ஜொவெலின். மேடம் அவளை நிற்க வைத்துச் சாப்பிட வைக்கிறா. நான் கீழே கூட்டிவந்து சோறு கொடுத்தேன்." அன்றைக்கு விழுந்தவை கோபமுகங்கள். இதயம் ஒன்றும் விழவில்லை.

ஜொவெலினை நானும் கண்டேன். சின்ன உருவம், முப்பது வயது இருக்கும். என்னுடைய கோப்பை மெசினுக்குப் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்து அதில் இருந்துகொண்டு, சோற்றையும் முட்டையையும் கையால் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடிய அவளும் மரிவிக்கும் பேஸ்புக்கில் சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்கு அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

அந்தக் குடும்பம் ஞாயிறு மத்தியானம் போய்விட்டது.

ஞாயிறு காலைச் சாப்பாட்டு மேசைகளின் விரிப்புகள் பதினொரு மணிக்குக் கீழே வரும். பரிமாறுகிறவர்கள் அவசரத்தில் விரிப்பை நாலு மூலையிலும் பிடித்து, அப்படியே பொட்டலமாகச் சுருட்டி அனுப்புவார்கள். அதை உதறிப் போடுவது என்னுடைய வேலை. கரண்டி வரும், பாண் துண்டு வரும், ஒருமுறை பொய்ப் பல்செற் வந்தது. அன்றைக்கு ஒரு விரிப்புக்குள் சாம்பல் நிறச் சால்வை ஒன்று இருந்தது. பிடித்தால் கையில் இருப்பதே தெரியாத கம்பளி. ஒரு மூலை முழுக்கச் சொக்கிலேட் பால் ஊறியிருந்தது.

கண்டெடுத்த பொருளுக்கு ஹோட்டலில் ஒரு சட்டம் உண்டு. அன்றைக்கே அலுமாரியில் வைக்கவேண்டும். அலுமாரிக்குப் பக்கத்தில் தொங்குகிற கொப்பியில் எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று எழுதவேண்டும். நான் கண்டெடுப்பவற்றை மரிவிக்தான் எழுதுவாள். எனக்கு எழுத்து பிந்தித்தான் வந்தது. தமிழே முப்பது தாண்டித்தான் படித்தேன். யேர்மன் வாசிப்பேன், ஆறுதலாக. எழுத உட்கார்ந்தால் கை நின்றுவிடும். நான் பொருளை அவளிடம் கொடுப்பேன், அவள் எழுதிவிட்டு என் பெயரைப் போடுவாள். ஏழு வருடமாக இப்படித்தான் நடக்கிறது. ஒரு பிழையும் வந்ததில்லை.

அந்த ஞாயிறும் திங்களும் அவளுக்கு ஓய்வு. கூருக்குப் போய்விட்டாள். சொக்கிலேட் காய்ந்தால் போகாது என்று நான் சால்வையைப் பச்சைத் தண்ணீரில் அலசினேன். முழுதாகப் போகவில்லை, மண்ணிறமாக ஒரு நிழல் நின்றது. சூடான குழாய்க்கு மேலே உள்ள கொடியில் காயப் போட்டேன். செவ்வாய் அவள் வந்ததும் எழுதச் சொல்லுவோம் என்று நினைத்தேன். திங்கள் நூற்றெண்பது பேர் கொண்ட கூட்டம் ஒன்று வந்து இறங்கியது. செவ்வாயும் அவர்கள்தான். கோப்பை, கோப்பை, கோப்பை. சால்வை என் தலையை விட்டுப் போய்விட்டது.

செவ்வாய் மாலை மரிவிக் தான் வாங்கி வந்த பழைய துணிகளைத் தோய்த்து அதே கொடியில் போட்டாள். புதன் மத்தியானம் கொடியில் கிடந்த எல்லாவற்றையும் கூட்டி அள்ளி நம்பர் ஒட்டினாள்.

"பதினேழு!" என்று சால்வையை உதறி என் தோளில் போட்டாள். "பாருங்கோ, எவ்வளவு மெல்லிசு. ஒரு சின்னக் கறை இருக்கு, நான் ஒளிக்கமாட்டேன். கூயா, மூலையைக் காட்டுங்கோ."

மூலையைத் தூக்கியபோதுதான் கண்டேன். மண்ணிற நிழல். எனக்கு உடனே விளங்கியது. அப்போதே கையை உயர்த்தி, மரிவிக், இது உன்னுடையது இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும். இருநூற்றுச் சொச்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லைவ் முடியட்டும், பிறகு சொல்லுவோம் என்று நின்றேன். சிரித்துக்கொண்டும் நின்றேன்.

"மைன்! செபுவில் இருந்து நெனித்தா! பதினேழு நெனித்தாவுக்கு!" என்று மரிவிக் கத்தினாள்.

அதற்குக் கீழே இன்னொரு வரி வந்தது. மரிவிக் அதை வாய்விட்டு வாசிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள்.

"என்ன?" என்றேன்.

"ஜொவெலின். 'அக்கா, அது என்னுடைய மேடத்தின் சால்வை' என்று எழுதியிருக்கிறாள்."

அதன் பிறகு வரிகள் மழை மாதிரி விழுந்தன. மரிவிக் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

நான் ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொன்னேன். அவள் என்னை ஏசவில்லை. நெற்றியில் மட்டும் கையால் அடித்துக்கொண்டாள். பிறகு ஜொவெலினுக்குப் போன் எடுத்தாள்.

ஜொவெலின் குளியலறைக்குள் இருந்து மெதுவாகக் கதைத்தாள். பின்னால் தண்ணீர் ஓடுகிற சத்தம். அவர்கள் இருவரும் தங்கள் பாசையில் கதைக்க, மரிவிக் எனக்கு இடைக்கிடை சொன்னாள். திங்கட்கிழமை மேடம் ஹோட்டலுக்குப் போன் எடுத்துக் கேட்டிருக்கிறா. அப்படி ஒரு சால்வை இங்கே இல்லை என்று ஹோட்டல் சொல்லியிருக்கிறது. அதன் பிறகு ஜொவெலினுடைய சூட்கேசைக் கட்டிலில் கொட்டித் தேடியிருக்கிறார்கள். பாஸ்போட் மேடத்தின் மேசை லாச்சிக்குள். வெள்ளிக்கிழமை ஊருக்கு விமானம் ஏற்றப் போகிறார்களாம். திருடி என்று சொல்லி அனுப்பினால் பிறகு அங்கே ஒரு வீட்டிலும் வேலை கிடையாது.

"இப்ப அழவில்லை, சிரிக்கிறாள்," என்றாள் மரிவிக். "சால்வை கிடைத்துவிட்டது அல்லவா? வீடியோவை இப்பவே மேடத்துக்குக் காட்டப் போகிறாளாம்."

"வேண்டாம் எண்டு சொல்லு. முதல்ல நான் கொப்பியில—"

மரிவிக் திரும்பிச் சொல்வதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

நான் சால்வையை மடித்து அலுமாரியில் வைத்தேன். கொப்பியைத் திறந்தேன். பேனையும் எடுத்தேன். திகதி என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஞாயிறு போடுவதா, புதன் போடுவதா? ஞாயிறு போட்டால் மூன்று நாள் எங்கே வைத்திருந்தாய் என்று கேட்பார்கள். புதன் போட்டால் பொய். பேனையை நூலில் தொங்கவிட்டுவிட்டு மெசினடிக்குப் போனேன்.

வியாழன் காலை பத்து மணி இருக்கும். குசினியில் சலாட் பக்கம் நிற்கிற தினேசன் என்னிடம் வந்தான். கூரில் வளர்ந்த பெடியன், இப்போது அவனுக்கே இரண்டு பிள்ளைகள். அழுக்குச் சட்டியைத் தருவதுபோல் குனிந்து நின்று கதைத்தான்.

"என்ன மாப்பிள்ளை, நேற்று லைவ்வில பொன்னாடை போத்தினவையாம்?"

"உனக்கு ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லுறது? ஹோட்டல் முழுக்க ஓடுது. அண்ணை, பகிடி விடேல்லை, கேளுங்கோ. துபாயில இருந்து ஈமெயில் வந்திருக்கு. வீடியோவும் சேத்து அனுப்பியிருக்கினம். உங்கட பிலிப்பைன்ஸ் தங்கச்சியை மேல கூப்பிட்டு, அறைத் திறப்பெல்லாம் வாங்கிக்கொண்டு அறையில போய் இரு எண்டு விட்டிட்டினம்."

"சால்வைதான் கிடைச்சிட்டுதே. பேந்து என்ன?"

"அந்தப் பிள்ளை பாக்கிறவள்தானாம் களவெடுத்துக் குடுத்தது. உவள் இஞ்சை இருந்து விக்கிறாளாம். ரெண்டுபேரும் ஒரே ஊர், ஒரே கூட்டு எண்டு எழுதியிருக்கு. அதோட போன கிழமை லைவ்வில மேடத்தைப் பற்றி உவள் கதைச்சதையும் கண்டுபிடிச்சிட்டினம். அவவுக்கு அது வேற ஆத்திரம்."

மெசினின் மூடியைத் திறந்தேன். ஆவி இரண்டு பேருக்கும் நடுவில் எழும்பியது.

"தினேசன், அந்தச் சால்வை மேசைவிரிப்புக்குள்ள வந்தது. நான்தான் எடுத்தனான். நான்தான் கொடியில போட்டனான்."

அவன் சட்டியை வைத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தான்.

"எழுதினீங்களோ?"

"இல்லை."

"அப்ப வாயைத் திறக்காதேங்கோ. உங்களை ஆரும் கேட்டவையோ? ஈமெயிலில உங்கட பேர் இல்லை. வித்தது அவள். வீடியோவில நீங்கள் வெறும் உடுப்புக் கொழுவி."

"கொழுவியோ?"

"அண்ணை, போன வருசம் அந்த வாசனைப் போத்தில் கதை மறந்துபோச்சோ? ஆரோ விட்டிட்டுப் போன அரைப் போத்தில். எழுதாமல் லொக்கரில வைச்சதுக்கு அண்டைக்கே இஞ்சை வேலை செய்த ஒரு பெண் பெட்டி கட்டினவள்."

"நான் லொக்கரில வைக்கேல்லை. காயப் போட்டனான்."

"அதை மேல போய் யேர்மனில சொல்லுங்கோ பாப்பம்." சொன்ன பிறகு அவனுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. "கோவிக்காதேங்கோ. மூண்டு வருசம்தானே அண்ணை. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுங்கோ."

அவன் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் கரைச்சல். பதினொரு மணிக்குத் தில்லைநாயகிக்குப் போன் எடுத்தேன். அவளுக்கு அது தேநீர் நேரம்.

"என்னப்பா இந்த நேரத்தில? விழுந்து கிழுந்து போனியளோ?"

எல்லாம் சொன்னேன். லைவ்வில் நின்றதையும் சொன்னேன். அது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவளுடன் வேலை செய்கிற பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தி காட்டியிருக்கிறாள்.

"சால்வையைத் தோய்ச்சனீங்களோ?"

"ஓம்."

"சுடுதண்ணியிலயோ?"

"இல்லையப்பா, பச்சைத் தண்ணி."

"அது ஒண்டையாவது ஒழுங்காச் செய்திருக்கிறியள்." தேநீரை ஒரு மிடறு உறிஞ்சினாள். "அந்தத் துபாய்ப் பிள்ளைக்கு ஆரும் இருக்கினமோ?"

"ரெண்டு பிள்ளையளாம். தாயோட விட்டிட்டு வந்தவள்."

"நாளைக்கோ அவளை ஏத்தினம்?"

"ஓம்."

"பேந்து ஏன் எனக்குப் போன் எடுக்கிறியள்? நான் வேண்டாம் எண்டு சொல்லுவன், அதைக் கேட்டிட்டுப் பேசாமல் இருக்கலாம் எண்டோ?"

"வேலை போனால்?"

"போனால் வாங்கோ. இஞ்சையும் சிங்குக்குள்ள கோப்பை கிடக்கு."

வைத்துவிட்டாள்.

அறைகளுக்கும் துணிகளுக்கும் பொறுப்பானவர் பிறவ் கம்பெல், எங்கள் பாசையில் திருமதி கம்பெல். உயரமான மனிசி, ஆறுதலாகக் கதைப்பார், ஒருமுறைதான் சொல்லுவார். அவருடைய அறை முதலாம் மாடியில். போகும்போது அலுமாரியில் இருந்த சால்வையையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டேன். ஏப்ரன் நனைந்திருந்ததால் கதிரையில் இருக்கவில்லை.

"மரிவிக் களவெடுக்கவில்லை," என்றேன். "துபாய்ப் பெண்ணும் எடுக்கவில்லை. இது ஞாயிற்றுக்கிழமை மேசைவிரிப்புக்குள் வந்தது. நான் கண்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஞாயிறா?"

"ஓம். ஞாயிறு."

"திங்கட்கிழமை அந்தப் பெண்மணி போன் எடுத்தபோது இந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் இல்லை என்று சொன்னேன். நான் சொன்னதை வைத்துத்தான் அவர் அங்கே ஒருவரைக் குற்றம் சாட்டியிருக்கிறார். அது உங்களுக்கு விளங்குகிறதா?"

"இப்போது விளங்குகிறது."

"ஏன் எழுதவில்லை?"

மாடி ஏறி வரும்போதே இந்தக் கேள்விக்கு ஒரு பதிலைத் தயாராக்கி வைத்திருந்தேன். நூற்றெண்பது பேர், கோப்பை, நேரமில்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் வாயில் வந்தது வேறு.

"நான் எழுதுவதில்லை. மரிவிக் எழுதுவாள். ஞாயிறு அவள் இல்லை."

அவர் கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினார். எட்டுப் பத்துப் பக்கம். என் பெயர் இருந்த இடமெல்லாம் விரலை வைத்தார். எல்லாம் ஒரே உருண்டைக் கையெழுத்து. ஏழு வருடமாக அவர் அதைக் கவனித்ததில்லை. இப்போது கவனித்தார்.

"நீங்கள் உங்கள் நண்பியைக் காப்பாற்ற இதைச் சொல்கிறீர்கள் என்று ஒருவர் சொன்னால், நான் என்ன பதில் சொல்வது?"

நியாயமான கேள்வி. நான் சால்வையை மேசையில் விரித்து மூலையைக் காட்டினேன்.

"சொக்கிலேட் பால். விரிப்பிலும் இருந்தது. நான் தோய்த்தேன், போகவில்லை. களவெடுத்துக் கைமாற்றியிருந்தால் பால் எப்படி வரும்?"

அவர் மூலையை முகர்ந்து பார்த்தார். போனை எடுத்துக் காலைச் சாப்பாட்டுப் பகுதிக்குக் கதைத்தார். ஞாயிறு பரிமாறிய போர்த்துக்கேயப் பெண் மேலே வந்தாள். ஞாபகம் இருக்கிறதாம். ஒன்பதாம் மேசை. பிள்ளை கிளாசைத் தட்டி ஊற்றிவிட்டது. மேடம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழும்பினாராம். தான் விரிப்பை அப்படியே சுருட்டி எடுத்தாளாம். சால்வை பார்த்தாயா என்று கேட்டதற்கு, பார்க்கவில்லை, நாற்காலி முதுகில் ஏதோ கிடந்தது, விரிப்போடு சேர்ந்து வந்திருக்கலாம் என்றாள். பிள்ளை பார்க்கிற பெண் எங்கே நின்றாள்? அவள் அங்கே இல்லை, மேலே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள், மேடமே சொன்னார் என்றாள்.

பிறவ் கம்பெல் அவளை அனுப்பிவிட்டுக் கொப்பியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"எழுதுங்கள்."

"இப்போதா?"

"கண்டெடுத்த நாள் ஞாயிறு. எழுதிய நாள் வியாழன். இரண்டையும் எழுதுங்கள். உங்கள் கையால்."

கதிரையில் இருந்தேன். ஏப்ரன் ஈரம் கதிரையில் பட்டது. சால்வை, சாம்பல், கறையுள்ளது, மேசைவிரிப்புக்குள். நாலு சொல்தான். இரண்டு சொல்லை வெட்டி எழுதினேன். அவர் அவசரப்படுத்தவில்லை, கணினியில் தன்னுடைய வேலையைப் பார்த்தார். முடிந்ததும் அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்தார். கறையையும் பிடித்தார்.

"நான் துபாய்க்கு இப்போதே எழுதுகிறேன். பிழை ஹோட்டலுடையது என்று எழுதுவேன். அவர் நம்புவாரா என்பது எனக்குத் தெரியாது. உங்களைப் பற்றி நாளை சொல்வேன்."

அந்தப் பின்னேரம் ஓய்வுக்கு நான் படுக்கவில்லை. மரிவிக்கின் அறைக் கதவைத் தட்டினேன். கட்டிலில் இருந்துகொண்டு, பெட்டிக்குள் போட்ட சாமான்களை எல்லாம் வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஹோட்டல் பொருள் இன்னும் ஏதாவது கலந்திருக்குமோ என்று ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாள். ரேப்பில் பதினேழு என்று எழுதிய துண்டு கட்டில் காலில் ஒட்டிக்கிடந்தது.

"போய்ச் சொன்னீங்களா?" என்றாள்.

"சொன்னேன்."

"எழுதினதும் நீங்களாமே. கொப்பியைப் பார்த்துவிட்டுப் போர்த்துக்கேயக்காரி வந்து சொன்னாள்." என் முகத்தைப் பார்த்தாள். "சாப்பிட்டீங்களா?"

இல்லை என்றேன். யன்னல் விளிம்பில் இருந்த சின்னச் சட்டியைத் திறந்து சோறு போட்டாள். வினாகிரி போட்ட கோழிக்கறி. இருவரும் சாப்பிட்டோம். வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. நெனித்தா மட்டும் நாலு முறை செய்தி அனுப்பிவிட்டாள். தன்னுடைய பதினேழு எங்கேயாம்.

"கதையைச் சொல்லேன்," என்றேன்.

"சொன்னேன். அப்ப பதினெட்டைத் தா என்கிறாள். பதினெட்டு மாட்டு மணி."

வெள்ளிக்கிழமை காலை பிறவ் கம்பெல் இருவரையும் கூப்பிட்டார். மரிவிக்குக்குத் திறப்புகளைத் திருப்பிக் கொடுத்தார். ஹோட்டலுக்குள் இனி லைவ் இல்லை, விருந்தினர்களைப் பற்றி எங்கேயும் ஒரு சொல் இல்லை, இன்னொருமுறை நடந்தால் திறப்புத் திரும்பி வராது என்றார். மரிவிக் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வாய்க்குத்தான் கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

எனக்கு எழுத்தில் எச்சரிக்கை. ஒரு பக்கக் கடிதம். கையொப்பம் போடும் இடத்தைக் காட்டினார்.

"வாசித்துவிட்டுப் போடலாமா?" என்று கேட்டேன்.

"தாராளமாக."

ஒவ்வொரு வரியாக வாசித்தேன். பிந்திய அறிவிப்பு என்று இருந்தது. களவு என்று எங்கேயும் இல்லை. இரண்டாம் முறை அந்தச் சொல்லைத் தேடியும் வாசித்தேன். இல்லை. கையொப்பம் போட்டேன்.

"துபாயில் இருந்து பதில் வந்ததா?" என்று கதவடியில் நின்று கேட்டேன்.

"வந்தது. சால்வையை விரைவுத் தபாலில் அனுப்பச் சொல்லியிருக்கிறார். வேறு ஒன்றும் எழுதவில்லை."

அன்று முழுக்க மரிவிக் ஏப்ரன் பைக்குள் போனை வைத்துக்கொண்டு வேலை செய்தாள். ஜொவெலின் விமானத்தில் ஏறினால் ஒரு படமாவது போடுவாள். பின்னேரம் வரை படம் வரவில்லை. செய்தியும் வரவில்லை. சனி காலை ஒரு வரி வந்தது. ஏற்றவில்லையாம். ஏன் ஏற்றவில்லை என்று மேடம் சொல்லவுமில்லை, மன்னிப்புக் கேட்கவுமில்லை. காலையில் எழும்பி வழமைபோல் பிள்ளையின் பாலைக் கேட்டிருக்கிறா. பாஸ்போட் இன்னும் லாச்சிக்குள்தான்.

தினேசன் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு சட்டியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, "கொழுவியண்ணை, இதுக்கும் ஒரு நம்பர் ஒட்டுங்கோ" என்றான். சரியாகிவிட்டது.

அடுத்த புதன் மரிவிக் தன்னுடைய அறைக்குள்ளேயே லைவ் போட்டாள். அதுவும் ஹோட்டல் கட்டடம்தானே என்று நான் சொல்ல, அடுத்த கிழமை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கூட்டாளி ஒருத்தியின் வீட்டுக்கு மாறினாள். நான் தோளில் ஒன்றும் போடுவதில்லை. சாமான் எடுத்துக் கொடுக்கும்போது மட்டும், இது எங்கே வாங்கினது என்று கேட்பேன். அவள் கடைப் பற்றுச்சீட்டைக் காட்டுவாள். பார்க்கிற சனத்துக்கு அது பெரிய பகிடி. நெனித்தா ஒவ்வொரு முறையும் முதல் வரியில் பதினேழு என்று எழுதிவைப்பாள்.

அப்படி ஒரு புதன், லைவ் முடிகிற நேரம், ஜொவெலின் போன் எடுத்தாள். இந்த முறை குளியலறையில் இல்லை. சமையலறை மாதிரி இருந்தது. கையில் அந்தச் சால்வை. மரிவிக் போனை என் பக்கம் திருப்பினாள்.

"கறையைப் போக்கித் தா என்று மேடம் இவளிடம் கொடுத்திருக்கிறா. கூயா என்ன போட்டவர் என்று கேட்கிறாள்."

"பச்சைத் தண்ணிதான். உரஞ்ச வேண்டாம் எண்டு சொல்லு. எலுமிச்சம்புளி போடவேண்டாம், நிறம் போயிடும்."

மரிவிக் அதைச் சொன்னாள். ஜொவெலின் திரும்ப ஏதோ கேட்டாள்.

"போகுமா என்று கேட்கிறாள்."

போன் திரையில் அந்த மூலையைக் கிட்டப் பிடித்தாள். நான் பார்த்தேன். அதே மண்ணிற நிழல், அதே இடம்.

"போகாது," என்றேன். "நானும் பார்த்தனான். போகாது எண்டு மேடத்துக்குச் சொல்லச் சொல்லு."

மணி நாலரை. நான் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்கு இறங்கினேன்.